தலை சுற்றினால் கரையேறுங்கள்



கெலாங் பாத்தாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு தியோமான் தீவுக்குப் போயிருக்கிறார்கள். பதினாறு வயது மகன் நீச்சல் கண்ணாடியும் கால் துடுப்பும் மாட்டிக்கொண்டு, பவளப்பாறை பார்க்கக் காலை முழுக்க மூச்சடக்கி முக்குளித்திருக்கிறான். கரையேறியதும் தலைசுற்றல், குமட்டல், வாந்தி. வெயிலில் பித்தம் ஏறிவிட்டது என்று பெரியவர்கள் சொல்ல, நெற்றியில் கோடாலித் தைலம் தடவி, இஞ்சித் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைத்திருக்கிறார்கள். மாலையில் எழுந்துவிட்டான். இது மறுபடியும் வருமா, பயப்பட வேண்டியதா என்று அந்தத் தாய் கேட்கிறார்.

கடலை ஒட்டி வாழ்கிற ஊர்க்காரர் கேட்கும் கேள்வி. பெண்டாஸ் படகுத்துறையில் நின்றால் எதிரே சிங்கப்பூர் தெரியும். அலை வற்றும்போது மெராம்போங் பக்கம் கடற்புல் தரை வெளியே வரும். ஜொகூர் நீரிணையின் சதுப்புநிலங்களை ஒட்டி ஓராங் செலேத்தார் மக்கள் தலைமுறைகளாக வாழ்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. கற்றுக்கொடுத்து அனுப்ப வேண்டும்.

பெரும்பாலும் இந்தத் தலைசுற்றல் தொடங்கும் இடம் காது. பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து, தரையில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடும். இரண்டு மூன்று மீட்டரிலேயே காது வலிக்கத் தொடங்குவது இதனால்தான். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் வழியாகக் காற்று போய்வந்தால் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகும். சளி பிடித்திருந்தால் ஒரு பக்கக் குழாய் திறக்கும், மறுபக்கம் அடைத்துக்கொள்ளும். மேலே ஏறும்போது இரண்டு காதிலும் இரண்டு விதமான அழுத்தம். உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு உள்காதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஒன்று சொல்ல, மறுபக்கம் வேறொன்று சொல்ல, மூளை குழம்பி உலகமே சுழல்கிறது. வயிறு புரட்டுவதும் அந்தக் குழப்பத்தால்தான். இந்த வகை, சில நொடிகளில் அல்லது சில நிமிடங்களில் தானாகவே போய்விடும்.

செவிப்பறை கிழிந்தால் கதை வேறு. நம் கடல் வெதுவெதுப்பானதுதான், ஆனாலும் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. கிழிசல் வழியாக அந்த நீர் உள்ளே புகுந்தால், மேல் எது, கீழ் எது என்று தெரியாத அளவுக்குச் சுற்றும். நீருக்கடியில் இருப்பவருக்கு அது உயிராபத்து. மூக்கைப் பிடித்துக்கொண்டு மிக வேகமாக ஊதுவதால் உள்காதின் மெல்லிய சவ்வு கிழிவதும் உண்டு. அப்போது தலைசுற்றலோடு காது இரையும், கேட்கும் திறன் குறையும். நாளைக்குப் பார்க்கலாம் என்று அதை விட்டுவிடக் கூடாது. கடலிலேயே வாழும் பஜாவ் மக்களில் பலருக்குச் சிறுவயதிலேயே செவிப்பறை கிழிந்துவிடுகிறது. முதுமையில் அவர்களில் பலருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை.

மூச்சடக்கி முக்குளிப்பது நம் முன்னோரின் தொழில். மன்னார் வளைகுடாவில் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் முத்துக்கும் சங்குக்கும் குளித்தார்கள். இலங்கையின் முத்துக்குளிப்பைப் பார்த்த இராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேய அதிகாரி 1803இல் வெளியிட்ட நூலில் அதை விவரிக்கிறார். ஒரு படகில் குளியாளர் பத்துப் பேர். ஐந்து பேர் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், ஐந்து பேர் மேலே இளைப்பாறுவார்கள். பிறகு முறை மாறும். மேலே வரும்போது வாயிலும் மூக்கிலும் காதிலும் தண்ணீர் கொட்டும், பல நேரம் இரத்தமும் வரும். அப்படியும் ஒரு நாளில் நாற்பது ஐம்பது முறை இறங்குவார்களாம். நாம் கண்காட்சிகளில் கண்டு வியக்கும் முத்துமாலைகளின் பின்னால் இந்த இரத்தம் இருக்கிறது. தூத்துக்குடியில் 1961க்குப் பிறகு பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை.

ஐந்து பேர் இறங்க ஐந்து பேர் காத்திருந்த அந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன். அதன் அருமை தென்பசிபிக்கின் துவாமோட்டு தீவுகளில் நடந்ததைப் பார்த்தால் விளங்கும். அங்கே முத்துச்சிப்பி எடுப்பவர்கள் முப்பது மீட்டருக்கும் கீழே இறங்கி, சில நிமிடங்கள் மட்டுமே மேலே ஓய்ந்து மறுபடி இறங்குவார்கள். இ. ஆர். கிராஸ் என்பவர் 1965இல் பதிவு செய்த கணக்கின்படி, ஒரே நாளில் 235 பேர் குளித்ததில் 47 பேர் நோயுற்றார்கள். 34 பேருக்குத் தலைசுற்றலும் குமட்டலும். சிலருக்குக் கைகால் விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். அங்குள்ளவர்கள் இதைத் தாராவானா என்பார்கள். பக்கத்து மங்கரேவா தீவுக்காரர்களும் அதே தொழில் செய்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் ஓய்வெடுத்தார்கள். அவர்களிடம் இந்த நோய் இல்லை.

காரணம் நைட்ரஜன். ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்றிலிருந்து கொஞ்சம் நைட்ரஜன் இரத்தத்தில் கரைகிறது. ஒருமுறை இறங்கினால் பொருட்டில்லை. ஓய்வில்லாமல் திரும்பத் திரும்ப ஆழம் போனால் அது வெளியேற நேரமின்றிச் சேர்ந்து, குமிழிகளாகி மூளையையும் நரம்பையும் தாக்கும். காற்றுச் சிலிண்டர் மாட்டுபவர்களுக்கு மட்டுமே இது வரும் என்று மருத்துவர்களே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பவுலேவ் என்ற டென்மார்க் கடற்படை மருத்துவர் நார்வேயில் ஒரு பயிற்சித் தொட்டியில் சுமார் ஐந்து மணி நேரத்தில் அறுபது முறை, இருபது மீட்டர் வரை மூச்சடக்கி இறங்கினார். குமட்டல், தலைசுற்றல், பிறகு உடல் தளர்ச்சி. அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தந்த பிறகே தேறினார். 1965இல் தன் அனுபவத்தையே அவர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்.

வாசகியின் மகன் இறங்கியது ஐந்தாறு மீட்டருக்குள் இருந்தால் நைட்ரஜன் காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. காதும், வயிற்றில் போன உப்புத்தண்ணீரும், வெயிலும் போதும். ஆனாலும் ஒரு காது மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், அம்மா. செவிப்பறை நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லும்வரை தண்ணீருக்குள் தலையை விட வேண்டாம். சளி இருக்கும் நாளில் முக்குளிக்கவே கூடாது. நீருக்கடியில் இருந்த நேரத்தைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் மேலே ஓய வேண்டும். ஆழம் கூடினால் இன்னும் அதிகம். காலையில் சிலிண்டரோடு இறங்கியவர் அன்று மாலை மூச்சடக்கி ஆழம் போகக் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. யார் அதிக நேரம் தாக்குப்பிடிப்பது என்று பிள்ளைகள் நீச்சல் குளத்தில் போட்டி போடுகிறார்கள். இறங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்து விடுகிறார்கள். இதனால் உடம்பில் பிராணவாயு கூடுவதில்லை. கரியமில வாயுதான் குறைகிறது. மூச்சுவிடச் சொல்லி நம்மைத் துரத்துவது கரியமில வாயு. அது குறைந்தால் எச்சரிக்கை வராமலே மயக்கம் வந்துவிடும். மயங்கியவன் கையைக்கூட ஆட்ட மாட்டான். பக்கத்தில் குளிப்பவர், இன்னும் மூச்சடக்கிக் கிடக்கிறான் என்று நினைப்பார். தனியாக முக்குளிக்க யாரையும் விடாதீர்கள். ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே நின்று பார்க்க வேண்டும்.

தலைசுற்றல் ஓய்வெடுத்தும் நிற்காவிட்டால், காது இரைந்தால், பேச்சு குழறினால், உடம்பின் ஒரு பக்கம் மரத்துப்போனால், நடை தள்ளாடினால் தைலத்தை வைத்துவிட்டு 999ஐ அழையுங்கள். படுக்கவைத்து, கிடைத்தால் பிராணவாயு கொடுங்கள். எத்தனை முறை, எவ்வளவு ஆழம் இறங்கினார் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அழுத்த அறைச் சிகிச்சைக்கு லூமுட் இராணுவ மருத்துவமனையும், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாம் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் பொது மருத்துவமனையும் இருக்கின்றன.

உங்கள் பாட்டனோ பூட்டனோ தூத்துக்குடியிலோ கீழக்கரையிலோ மன்னாரிலோ முத்துக்கோ சங்குக்கோ குளித்தவராக இருந்தால், காதைக் காக்க அவர்கள் என்ன செய்தார்கள், தலை சுற்றினால் என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்