படத்தில் அம்மா எங்கே?



திருப்பூரில் இன்று செல்பேசி இல்லாத வீடு அரிது. செல்பேசி இருந்தால் புகைப்படக் கருவியும் இருக்கிறது என்றே பொருள். புத்தாடை உடுத்தி, ஸ்டூடியோவுக்குப் போய், மூச்சை அடக்கி நின்று, ஆண்டுக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டதெல்லாம் நம் பாட்டிமார் காலத்தோடு போயிற்று. நாம் ஒரே மாலையில் நூறு படம் எடுக்கிறோம். ஆனால் அவற்றுள் இரண்டாம் முறை பார்க்கத் தூண்டுவன எத்தனை? பூ, பூனை, சூரியன் மறையும் வானம், கழுத்தைச் சாய்த்த நம் முகம். இவையே மாறி மாறி வருகின்றன. நம்மில் பெரும்பாலோர் வீட்டில் அடுப்பெரியக் காரணமான பனியன் கம்பெனி ஒரு படத்திலும் இல்லை. அங்கே நாள் முழுதும், ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்டும் உழைக்கின்ற அம்மாவும் இல்லை.

நல்ல படம் எடுக்கக் கற்பது என்றால் விலையுயர்ந்த கருவி வாங்குவது என்று பலர் எண்ணுகின்றனர். எதைப் படத்தின் நான்கு ஓரங்களுக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று தெரிந்துகொள்வதே முதற்பாடம் என்பது எங்கள் கருத்து.

தமிழ்நாட்டின் மிகப் பழைய படங்கள் சிலவற்றை எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக அவர் 1858-ஆம் ஆண்டில் திருவரங்கம், தஞ்சாவூர், மதுரைக் கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளைக் காட்ட 21 படங்களை ஒட்டி ஒரே நீண்ட படமாக்கினார் என்றால் அவர் பொறுமையை என்னென்பது! ஆனால் தூண்களும் கோபுரங்களும் நிறைந்த அப்படங்களில் மனிதரைக் காண்பது அரிது. ஒளி நெடுநேரம் விழுந்தால்தான் படம் பதியும் என்ற காலம் அது. அசைந்து செல்வோர் பதியாமல் மறைந்துபோவர். இன்று நம் செல்பேசி கண்ணிமைக்கும் முன்னரே படத்தைப் பதிக்கிறது. நம் படங்களில் மனிதர் இல்லாமல் போவதற்கு அந்தச் சாக்கு நமக்கு இல்லை.

நம் ஊருக்கு நெருங்கிய உதாரணம் கடல்கடந்த ஓரிடத்தில் கிடைக்கிறது. அதுவும் பஞ்சாலைதான். லூயிஸ் ஹைன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவின் புகைப்படக்காரர் ஆனார். ஆலைகளுக்குள் அவரை எளிதில் விடவில்லை. அஞ்சலட்டை விற்பவர், பைபிள் விற்பவர் என்று ஏதேனும் சொல்லி நுழைவாராம். பிள்ளைகளின் உயரத்தைத் தம் மேற்சட்டைப் பொத்தான்களை வைத்தே கணக்கிடுவாராம்! அவ்வாண்டு தென் கரோலினா மாநிலத்தின் லான்காஸ்டர் பஞ்சாலையில் அவர் எடுத்த ஒரு படம் உலகறிந்தது. தூரத்தில் சென்று மறையும் நூற்பு இயந்திர வரிசை. அதன் அருகே தனியாக ஒரு சிறுமி. உயரம் 48 அங்குலம், வேலைக்கு வந்து ஆறு மாதம் என்று ஹைன் குறித்து வைத்தார். இயந்திரத்தை விட்டுச் சிறுமியின் முகத்தை மட்டும் எடுத்திருந்தால் அது ஓர் அழகிய குழந்தைப் படம், அவ்வளவே. இரண்டையும் ஒரே சட்டகத்தில் வைத்ததால் அவள் எவ்வளவு சிறியவள் என்று யாரும் சொல்லாமலே விளங்குகிறது. அமெரிக்காவில் 1938-இல் குழந்தைத் தொழிலைக் கட்டுப்படுத்தும் நாடு தழுவிய சட்டம் வந்ததே, அதற்கு முந்தைய நெடும் போராட்டத்தில் இத்தகைய படங்களுக்கும் பங்குண்டு.

நம் மாநிலத்திலும் ஒருவர் இருக்கிறார். மதுரை ஜவஹர்லால்புரத்தில் வளர்ந்த எம். பழனிக்குமார் அவர்கள், 2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப் படத்தின் ஒளிப்பதிவாளர். தூய்மைப் பணியாளரின் துயரத்தைப் பல ஆண்டுகளாகப் படமெடுத்து வருபவர். 2022-இல் 'பாரி' இணையதளத்தோடு இணைந்து வழங்கப்பட்ட தயானிதா சிங் விருதைப் பெற்றவர். உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புகைப்படக்கலை கற்பிப்பவர். மீன் விற்று அவரை வளர்த்த தம் தாயாரையும் அவர் படமெடுத்திருக்கிறார். எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுவே.

சரி, நாம் எப்படிக் கற்பது? கம்பெனிக்குள் செல்பேசியை எடுத்துப் போய் நிற்க முடியாது. கடைக்கு வராத டிசைன்கள் அங்கே தைக்கப்படுவதால் படமெடுக்க அனுமதி இராது. அனுமதியின்றி எடுப்பதும் முறையன்று. வீட்டிலிருந்தே தொடங்கலாமே! நம் வீதிகளில் எத்தனை வாசற்படிகளில் பனியன் குவியலை முன்னே போட்டுக்கொண்டு பிசிறு வெட்டுகிறார்கள்!

அந்த அம்மாவை நின்றவாறே எடுத்தால் தலை வகிடும் தோளும்தான் தெரியும். உட்கார வேண்டும். அவர் கண்ணும் நம் கருவியும் ஒரே மட்டத்திற்கு வந்தாலே பாதிப் படம் தேறிவிடும். அடுத்து அவர் முதுகுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். கேஸ் சிலிண்டர், தொங்கும் ஒயர், தலையிலிருந்து முளைத்தாற்போல் ஒரு ஜன்னல் கம்பி. இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தால் இவையெல்லாம் தாமே விலகும். தூரத்தில் நின்று விரலால் திரையை இழுத்துப் பெரிதாக்கினால் படம் மங்கும். நடந்து கிட்டே போவதே நல்லது. வாசல் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம் விழட்டும். டியூப் லைட்டையும் பகல் வெளிச்சத்தையும் கலந்தால் முகத்தின் இருபுறமும் வெவ்வேறு நிறமாகத் தெரியலாம். ஆகவே விளக்கை அணைத்துவிடலாம், மின்கட்டணமும் மிச்சம். கையை வெட்டிவிடக் கூடாது. பிசிறு வெட்டுகிறவரின் படத்தில் கத்தரி பிடித்த விரல்கள் இல்லையென்றால் வேறு என்ன இருக்கிறது?

செல்பேசியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டு கோடுகள் காட்டும் வசதி உண்டு. படம் ஒன்பது கட்டமாகப் பிரியும். கோடுகள் சந்திக்கும் இடத்தில் முகத்தை வைத்து, அவர் பார்க்கின்ற பக்கம் கொஞ்சம் வெற்றிடம் விட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும். இதைச் சிலர் மாறாத விதிபோல் சொல்கின்றனர். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. கோலத்தை எடுக்கும்போது நடுவில் வைத்தால்தான் அழகு. வாசலின் அகலம் பார்த்துப் புள்ளி வைத்துப் பழகிய நமக்கு, எங்கே இடம் விடுவது என்பது புதுப்பாடமும் அன்று.

இன்னொன்று, காத்திருத்தல். ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர், 1950-இல் இரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர், சரியான கணத்திற்காகக் காத்திருப்பதில் பேர்பெற்றவர். எடுத்த படத்தின் ஓரங்களைப் பின்னால் வெட்டிச் சரிசெய்வதை அவர் விரும்பியதில்லை. அவர் பிறந்ததும் நூல் தயாரிக்கும் குடும்பத்தில்தான்! நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சற்றுப் பெருமையாகக்கூட இருக்கலாம்.

"அம்மா வேலை செய்வதைப் படமெடுத்து ஊருக்குக் காட்டுவதா? மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்று சில தோழியர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. வறுமையைக் காட்சிப்பொருளாக்கும் படங்கள் உலகில் ஏராளம். ஆகவேதான் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், எடுத்ததை அவரிடமே முதலில் காட்ட வேண்டும், வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும் என்கிறோம். "என்னையப் போய் எதுக்கு கண்ணு எடுக்கற? சீலையெல்லாம் கசங்கிக் கெடக்குது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கசங்கிய சேலையில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நாம் அணியும் சீருடையும் கட்டும் பள்ளிக் கட்டணமும் அந்த உழைப்பில் வந்தவை அல்லவா? அயல்நாட்டுக் கடையின் விளம்பரத்தில் நம் ஊர்ச் சட்டை மட்டும் இருக்கும், தைத்தவர் இருக்கமாட்டார். அவர்கள் விட்டுவிட்டார்கள் என்பதற்காக நாமுமா விட வேண்டும்?

எனவே பள்ளியிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு மலரில், மாணவியர் எடுத்த படங்களுக்கு ஒரே ஒரு பக்கம் வேண்டும். சம்மதித்த அம்மா, அப்பா, அத்தையரின் படங்கள். ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பிசிறு என்று அவரவர் செய்யும் வேலையும், எத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார் என்பதும், ஹைன் குறித்ததுபோல் கீழே அச்சாகட்டும். மலருக்கு முன்னரே அப்படங்களைப் பள்ளிக் கூடத்துச் சுவரில் வைப்பதானால் ஞாயிறு பிற்பகலில் வைக்குமாறு வேண்டுகிறோம். மற்ற நாளில் அம்மாமார்க்கு லீவு கிடைக்காது.