சட்டி மேளம் கேட்டால் காது கெட்டுவிடுமா?

போன வாரம் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' பற்றி நாலு வரி போட்டேன். "அருமை சார்", "சூப்பர் மாமா" என்று குவித்தீர்கள். இந்த வாரம் 'தெருக்குரல்' கேட்கிறேன் என்று போட்டதும் நம் குடும்பக் குழுவில் ஒருவர், "வயசான காலத்துல வாத்தியாருக்கு இந்தக் கூச்சல் எதுக்கு?" என்கிறார். அதற்குக் கட்டைவிரல் தூக்கியவர்கள் யார் யார் என்று பார்த்து வைத்திருக்கிறேன். இது உங்களுக்குத்தான்.

எனக்கு ராகம் தெரியாது. தமிழ் வாத்தியார், சும்மா கேட்கிறவன். 1986இல் வந்த அந்த ஆல்பத்தை ராஜா தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை ஆக்கினார். வயலின் வி.எஸ். நரசிம்மன். பாஹ் தனி வயலினுக்கு எழுதிய இசைமேல் ராஜாவின் மெட்டு வந்து உட்காரும் இடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால், கொருக்குப்பேட்டை கேட் மூடிக் கிடப்பதுகூடத் தெரியாது. (கூட்ஸ் வண்டி போவதற்குள் கேசட்டில் ஒரு பக்கமே ஓடிவிடும், அது வேறு கதை.) பிடித்தது என்றேன், ஒத்துக்கொண்டீர்கள். இது என்ன ராகம் என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

தெருக்குரலுக்கு மட்டும் ஏன் தகுதிச் சான்றிதழ் கேட்கிறீர்கள்? 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து செய்தது. முதல் தடவை பாதி வார்த்தை பிடிபடவில்லை, அவ்வளவு வேகம். மூன்றாவது தடவை எதுகையும் மோனையும் தனித்தனியாக விழுந்தன. தலைப்பையே பாருங்கள். திருக்குறளுக்கு வல்லின ற, தெருக்குரலுக்கு இடையின ர. குறள் வேறு குரல் வேறு என்று எத்தனை வருஷம் தொண்டை வறள உங்களிடம் கத்தியிருப்பேன்! அந்த எழுத்து வித்தியாசத்தில் ஒரு பையன் ஆல்பத்துக்கே பெயர் வைத்துவிட்டான். குறை இருக்கிறது. சில பாட்டுகளில் தாளம் ஒரே மாதிரி போகிறது. 'ஹவ் டு நேம் இட்'டிலும் இரண்டு இடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. அதைச் சொல்ல உங்களில் யாருக்காவது தைரியம் உண்டா?

சத்தம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி செய்தது. அவர்கள் இசையில் கிட்டாருக்குப் பக்கத்திலேயே பறையும் சட்டியும் கட்டமோளமும் ஒலிக்கும். அதைக் கேட்டதும் நம் தெருச் சாவு வீட்டு ராத்திரி ஞாபகம் வருகிறது. கூசுகிறீர்கள். 2017இல் டி.எம். கிருஷ்ணா 'சென்னை பொறம்போக்கு பாடல்' பாடினார். எண்ணூர்க் கழிமுகத்துக்காக, நம் சென்னைத் தமிழில், கபேர் வாசுகி எழுதியது. நல்ல பாட்டு, எல்லோரும் பகிர்ந்தோம். அதே பேச்சு கர்நாடக வித்வான் வாயில் வந்தால் கலை, கானா பாடுகிறவன் வாயில் வந்தால் கூச்சலா?

பழைய மாணவன் ஒருவன், பெயர் வேண்டாம், மகனின் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டுப் பையனைக் கீபோர்டு வகுப்புக்கு அனுப்புகிறான். கேட்டால் "மானம் போவுது சார்" என்கிறான். தம்பி, உன் அப்பா இறந்த ராத்திரி விடிய விடியப் பாடி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த உன்னை எழுப்பி உட்காரவைத்தது யார்? நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

கீபோர்டு கற்கட்டும், நல்லதுதான். சட்டியையும் இறக்கிக் கொடு. பிறகு தெருக்குரலை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேள். ரீல்ஸில் வருகிற முப்பது வினாடி கணக்கில் வராது. கேட்டுவிட்டுச் சண்டைக்கு வா. கட்டைவிரல் தூக்கியவர்களும் வரலாம், சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன்.