நூற்றுக்கு நூறு வாங்கிய பக்கம்

2019ஆம் ஆண்டில் மனுவேல் மட்டுசோவிச் என்ற வலைத்தள வல்லுநர் ஒரு விந்தையான சோதனை செய்தார். யாராலும் பயன்படுத்த முடியாத ஒரு வலைப்பக்கத்தை வேண்டுமென்றே உருவாக்கினார். அதில் விசைப்பலகை வேலை செய்யாது. சுட்டியின் அம்புக்குறி தெரியாது. பார்வையற்றோர்க்கும் அது பயன்படாது. பிறகு அதைக் கூகுளின் 'லைட்ஹவுஸ்' என்ற தானியங்கிக் கருவியிடம் கொடுத்தார். 'உடற்குறை உள்ளவர்களும் தடையின்றி அணுகலாமா?' என்ற சோதனையில் அது போட்ட மதிப்பெண் என்ன தெரியுமா? 100க்கு 100!

அப்படியானால் கருவிகளை ஒதுக்கிவிடலாமா? கூடாது. சாதாரண அளவுள்ள எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி மாறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட உலகத் தரம். வெள்ளைப் பின்னணியில் ஒரு வகைச் சாம்பல் நிற எழுத்துக்கு அது 4.48தான் வருகிறது. இந்தச் சிறு குறையை நம் கண் அறியுமா? கருவி நொடியில் பிடித்துவிடும். ஆயிரம் பக்கங்களானாலும் அதற்குச் சலிப்பில்லை. அளக்கும் வேலைக்கும் எண்ணும் வேலைக்கும் 'வேவ்', 'ஆக்ஸ்' போன்ற கருவிகளே ஏற்றவை.

ஆனால் பாடத்தில் உள்ள இதயப் படத்துக்கு 'படம் 3' என்று மட்டும் விளக்கம் எழுதியிருந்தால்? விளக்கம் இருக்கிறதல்லவா என்று கருவி தேர்ச்சி கொடுத்துவிடக்கூடும். படத்தைக் காண இயலாத மாணவிக்கு அதனால் என்ன பயன்? எந்த அறையிலிருந்து இரத்தம் எங்கே செல்கிறது என்று அவள் எப்படி அறிவாள்?

ஆகவே மதிப்பெண் வந்தவுடன் சோதனையை முடித்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். கருவியை முதலில் ஓட்டலாம். தீர்ப்பை அதனிடம் விடக்கூடாது.

மனிதச் சோதனைக்குச் செலவு அதிகம் என்பார்கள். சுட்டியை ஓரமாக வைத்துவிட்டு, 'டேப்' விசையால் மட்டும் உங்கள் பள்ளியின் வலைத்தளத்தில் நகர்ந்து பாருங்கள். எங்கே நிற்கிறோம் என்று தெரிகிறதா? ஏதேனும் ஒரு கட்டத்துக்குள் சிக்கி வெளியே வர முடியாமல் தவிக்கிறீர்களா? இதற்கு ஒரு காசும் ஆகாது. அடுத்து, திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் 'என்.வி.டி.ஏ.' மென்பொருள். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இலவசம், தமிழும் படிக்கும். திரையை அணைத்துவிட்டு, காதால் மட்டும் ஒரு தேர்வு முடிவைத் தேடிப் பாருங்களேன்!

இருந்தாலும் ஒரு மணி நேரம் கண்ணை மூடிய நாம், அதை நாள்தோறும் பயன்படுத்துபவர் ஆகிவிட மாட்டோம். பார்வையற்ற மாணவர் ஒருவர் உடன் படித்தால் அவரிடமே கேளுங்கள். எந்தப் பக்கத்தில், எந்த விசையை அழுத்தியபோது வழி அடைபட்டது என்று அவர் சொல்வதை அப்படியே எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள்.