நடுக்கடலில் முழங்கால் உயரம்... கரையில் ராட்சத அலை! சுனாமி சொல்லும் இயற்பியல் பாடம்

அலை என்றால் தண்ணீர் ஓடி வருவது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கடலில் மிதக்கும் ஒரு கட்டையைக் கவனியுங்கள். அலை அதைக் கடந்து போய்விடும். கட்டையோ மேலும் கீழும் ஏறி இறங்கி, ஏறக்குறைய அதே இடத்தில் கிடக்கும். பயணம் செய்வது தண்ணீர் அல்ல, ஆற்றல்!

2004 டிசம்பர் 26 காலை 6.29 மணி. சுமத்ரா அருகே 9.1 அளவிலான நிலநடுக்கம். சுமார் 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையை இரண்டரை மணி நேரத்தில் சுனாமி தொட்டுவிட்டது. எப்படி இவ்வளவு வேகம்?

நீங்களே கணக்குப் போடலாம்

சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் எடுத்து 9.8-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம்) பெருக்கி, வர்க்கமூலம் காணுங்கள். 4,000 மீட்டர் ஆழத்தில் விடை, நொடிக்கு 198 மீட்டர். அதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கும் மேல். விமானத்தின் வேகம்! அதுவே 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு சுமார் 36 கிலோமீட்டர்தான்.

அன்று ஆழ்கடலில் அலையின் உயரம் சுமார் 60 சென்டிமீட்டர்தான் என்று ஜேசன்-1 செயற்கைக்கோள் பதிவு செய்தது. ஒரு முகடுக்கும் அடுத்த முகடுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளி என்பதால், படகில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

டோல்கேட் வந்ததும் முன்னால் போகும் வாகனம் வேகம் குறைய, பின்னால் வருபவை நெருக்கியடித்து நிற்கும் அல்லவா? கரை அருகே அலையும் அப்படித்தான். முன்பகுதி வேகம் குறைகிறது, பின்பகுதி நெருக்குகிறது. அலைநீளம் சுருங்க, உயரம் எகிறுகிறது.

உயிர் காத்த வகுப்பறை

அன்று தாய்லாந்தின் ஃபூகெட்டில் விடுமுறைக்கு வந்திருந்த 10 வயது பிரிட்டிஷ் சிறுமி டில்லி ஸ்மித், கடல் வழக்கத்துக்கு மாறாக நுரைப்பதைப் பார்த்தாள். இரண்டு வாரம் முன்பு வகுப்பில் படித்த சுனாமி பாடம் நினைவுக்கு வர, பெற்றோரிடம் சொன்னாள். கடற்கரையில் இருந்த சுமார் 100 பேர் உயிர் தப்பினார்கள்.

இதை மறக்காதீர்கள்

'சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும்' என்பது பாதி உண்மைதான். அலைக்கு முகடும் உண்டு, அகடும் உண்டு. அகடு முதலில் வந்தால் கடல் உள்வாங்கும். அன்று தாய்லாந்துப் பக்கம் நடந்தது அதுதான். நம் பக்கம் முதலில் வந்ததோ முகடு. அதனால், கடல் உள்வாங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

முதல் அலை வடிந்ததும் கரைக்குத் திரும்பவும் கூடாது. அடுத்த அலை வர அரை மணி நேரம்கூட ஆகலாம். அது முதல் அலையைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. எச்சரிக்கை வந்தால் உடனே மேட்டுப் பகுதிக்குப் போய்விடுங்கள். ஆபத்து நீங்கியதாக அறிவிப்பு வரும்வரை இறங்காதீர்கள்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது இந்தக் கணக்கை வீட்டுக் குட்டீஸிடம் கேட்டுப் பாருங்களேன்!