கேஸ் மாறுகிறது: சுமை யார் தலையில்?

"பழைய கேஸ் ஆகாது, புது ஏ.சி. வாங்குங்கள்!" என்று கம்பெனிகள் தம்பட்டம் அடிக்கின்றன. ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் மாற்றி ஷிப்ட் உழைத்துவிட்டுத் தகரக் கூரையின்கீழ் படுக்கும் தொழிலாளியும், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகுக் காட்டில் களை பறிக்கும் கூலிப் பெண்ணும், "ஏ.சி. பணக்காரன் விவகாரம், நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்குத்தான் இதில் எல்லாம் இருக்கிறது, தோழர்களே!

பழைய வீட்டு ஏ.சி.க்களில் ஓடுவது ஆர்-22 என்ற கேஸ். வெளியே கசிந்தால் அது ஓசோன் படலத்தை அரிக்கிறது. அதன் ஒரு கிலோ, சுமார் 1,800 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு யார் முதுகில் விழுகிறது? குளிர் அறையில் இருப்பவன் முதுகிலா? கிருஷ்ணகிரி கல்குவாரியில் வெயிலில் நிற்பவன் முதுகில்! அத்திப்பள்ளி எல்லையில் லாரியை நிறுத்தலாம். காற்றை நிறுத்த முடியுமா?

ஆகவே ஆர்-22 போகத்தான் வேண்டும். 1987ல் மாண்ட்ரீலில் பிறந்த சர்வதேச உடன்பாட்டில் 1992ல் இந்தியாவும் சேர்ந்தது. 2025 ஜனவரி முதல் புதிய ஏ.சி.க்களை இந்தக் கேஸைக் கொண்டு தயாரிக்கக் கூடாது. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. செலவை யார் சுமப்பது என்பதே நம் கேள்வி!

முதலாளிகள் இதிலும் நஷ்டப்படவில்லை. ஆர்-22 தயாரிக்கும்போது ஹெச்.எப்.சி.-23 என்ற கழிவு வாயு பிறக்கிறது. அதை எரித்ததற்காகவே கார்பன் கிரெடிட் பெற்று, விற்று, இந்தியக் கம்பெனிகளும் கோடி கோடியாகச் சம்பாதித்தன. 2013ல் ஐரோப்பா அந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது. ஓசோனைக் கெடுக்காத ஆர்-410ஏயும் வந்தது. சூடாக்குவதில் அது ஆர்-22ஐயும் மிஞ்சியது! 2016ல் கிகாலியில் இன்னொரு உடன்பாடு. இப்போது ஆர்-32, ஆர்-290 என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பழைய மிஷின் காயலான் கடைக்கு, புதிய மிஷின் கடன் தவணைக்கு!

நடுவில் அகப்பட்டவர் மெக்கானிக். சங்கம் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை. மூன்றாம் மாடிச் சுவரில் தொங்கி வேலை செய்கிறார். மிச்சக் கேஸ் வெல்டிங் சுடரில் பட்டால் விஷவாயு. ஆர்-290 என்பது புரொபேன். சமையல் கேஸைப் போலவே பற்றி எரியும். பழைய ஆர்-22 மிஷினில் அதை அடைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், தோழரே! ஆர்-410ஏயும் அதற்கு ஆகாது. அழுத்தம் ஒன்றரை மடங்குக்கும் மேல், எண்ணெயும் வேறு.

ஓடுகிற பழைய ஏ.சி.யை உடனே எறியும்படி எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கசிவை அடைத்து ஓட்டலாம். கழற்றும்போது கேஸை வானத்தில் விடாமல் சிலிண்டரில் பிடிக்க வேண்டும். அதற்கு மிஷின் வேண்டும். மிஷினுக்குப் பணம் வேண்டும். கூலிக்கு வேலை செய்யும் மெக்கானிக்கிடம் அது ஏது?

2022ம் வருஷத்து மின்கழிவு விதிகளே பழைய ஏ.சி.யின் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. எனவே நாம் கோருகிறோம்:

கேஸ் பிடிக்கும் மிஷினைக் கம்பெனிகள் செலவில் ஊருக்கு ஊர் வை! மெக்கானிக் அனைவருக்கும் சம்பளத்தோடு பயிற்சி கொடு, விபத்து இன்ஷூரன்ஸ் கொடு! வெயிலில் உழைப்போருக்கு நிழலும் குடிநீரும் ஓய்வும் கொடு!

லாபம் அவர்களுக்கு, வெயில் நமக்கு என்ற கணக்கு இனி செல்லாது!