எங்கே அந்தத் தலைகள்?

வடலூர் தருமசாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ரேஷன் கார்டு கேட்கமாட்டார்கள். வந்து உட்கார்ந்தால் சோறு, அவ்வளவுதான்.

போன வாரம் அங்கே சாப்பிட்டுக் கை கழுவும்போது, கூட வந்த நண்பர் ஒரு போடு போட்டார். "என்ன இருந்தாலும் உலகம் சாந்தமாயிட்டுதான் சார் வருது. கணக்குப் போட்டே நிரூபிச்சுட்டாங்க!"

அவர் சொன்னது ஸ்டீவன் பிங்கர் 2011-ல் எழுதிய தடிப் புத்தகத்தை. மக்கள்தொகையால் வகுத்துப் பார்த்தால் இரண்டாம் உலகப்போரே ஒன்பதாவது இடம்தானாம். முதலிடம், எட்டாம் நூற்றாண்டுச் சீனாவின் ஆன் லூஷான் கலகத்துக்கு. சாவு 3 கோடியே 60 லட்சம். எப்படி வந்தது இந்த எண்? கலகத்துக்கு முன் குடிக்கணக்கில் சுமார் 5 கோடியே 30 லட்சம் பேர், பின்பு 1 கோடியே 70 லட்சம். கழித்துவிட்டார்கள்! கணக்கெடுக்கிறவன் ஓடியிருக்கலாம், வரிக்குப் பயந்தவன் ஒளிந்திருக்கலாம். நான் பி.காம். படித்தவன். ரிஜிஸ்டரில் இல்லாத சரக்கெல்லாம் எரிந்துபோச்சு என்று எழுதினால் எங்கள் வாத்தியார் பேப்பரைக் கிழித்திருப்பார்.

ஐரோப்பாவில் கொலைகள் குறைந்தது நிஜம். மறுக்கவில்லை. ஆனால் போர்ச் சாவை எண்ணுவது யார்?

கடல் தாண்டினால் முல்லைத்தீவு. 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர்தான் என்றது இலங்கை அரசு. உணவும் மருந்தும் அந்தக் கணக்குக்குத்தான். மே மாதம் எல்லாம் முடிந்தபோது உயிரோடு வெளியே வந்தவர்கள் 2,82,380 பேர். எழுபதாயிரத்தில் செத்தவர்கள் போக மீதி இரண்டே முக்கால் லட்சம்! எந்த ஆடிட்டர் சார் இதில் கையெழுத்துப் போடுவார்?

பொதுமக்கள் சாவு 40,000 வரை இருக்கலாம் என்றது 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு. 2012-ல் ஐ.நா.வின் உள் அறிக்கை, 70,000 பேருக்கு மேல் கணக்கில் வரவில்லை என்றது. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் அரசின் கச்சேரிப் பதிவேட்டையே எடுத்தார். 2008 அக்டோபரில் 4,29,059 பேர். வந்தவர்களைக் கழித்தார். மீதி 1,46,679. அவரும் கழித்தவர்தான். ஆனால் செத்தார்கள் என்று எழுதவில்லை, எங்கே என்று கேட்டார். பதில் சொல்லாமலே அவரையும் 2021-ல் அடக்கம் செய்தாகிவிட்டது.

இன்னொன்று. போர்ச் சாவுப் பட்டியல்கள் பலவற்றில் குண்டு பட்டுச் செத்தால்தான் இடம். பசியில் செத்தவனுக்கு அதில் வரி கிடையாது. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் அரிசி, தண்ணீர், உப்பு, அதுதான் கஞ்சி. அதன் நினைவாக ஒவ்வொரு மே மாதமும் அதே கஞ்சியைக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். 2024-ல் சம்பூரில் அதைக் கொடுத்த பெண்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது.