தண்ணீரின் கணக்கை யார் எழுதுவது?

2022 செப்டம்பரிலும் மீண்டும் 2023 ஓகஸ்டிலும் குடிநீர்க் கட்டணம் உயர்ந்தபோது எமது ஊர்களில் எழுந்த பேச்செல்லாம் மாதாந்தப் பில்லைப் பற்றியதாகவே இருந்தது. வயலுக்குப் பாயும் நீர் இந்நாட்டில் இன்னும் இலவசம். அது எத்தனை காலத்துக்கு என்று கேட்டவர்கள் குறைவு. 1984 இல் பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களில் பராமரிப்புக் கட்டணம் அறவிடத் தொடங்கி, சில வருடங்களிலேயே அது படுத்துவிட்டது. யோசனை மட்டும் சாகவில்லை.

இந்த விவாதம் மீண்டும் வரும்போது எமது விவசாயிகளின் பக்கத்துக் கணக்கோடு மேசையில் உட்காரப்போவது யார்? நீர்ப் பொருளியலிலும் நீர்க் கொள்கையிலும் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்பவர்கள் எம்மிடையே மிக அரிது. மருத்துவம், பொறியியல் என்பதற்கு அப்பால் எமது பெற்றோரின் கனவு நகர்வதில்லை. போதாததற்கு, இது தண்ணீருக்கு விலை போடும் படிப்பு என்றொரு தப்பெண்ணமும் உண்டு.

எலினோர் ஒஸ்ரோம் 1965 இல் கலிபோர்னியாவில் சமர்ப்பித்த கலாநிதி ஆய்வு லொஸ் ஏஞ்சலிஸ் கரையோரத்து நிலத்தடி நீரைப் பற்றியது. ஆளுக்கு ஆள் குழாய்க் கிணறு அடித்து உறிஞ்ச, உள்ளே கடல்நீர் புகுந்தது. நீரை எடுத்தவர்களே நீதிமன்றத்தின் துணையோடு அளவு பேசி எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்பதை அவர் ஆராய்ந்தார். பொதுச் சொத்தை அரசு கையில் எடுக்க வேண்டும், இல்லையேல் தனியாருக்கு விட வேண்டும் என்ற இரண்டுக்கும் வெளியே வழியுண்டு என்று காட்டியதற்காக 2009 இல் அவருக்குப் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

அவரது 1990 ஆம் ஆண்டு நூலில் எமது கல்லோயாவும் வருகிறது. 1981 இல் சேனாநாயக்க சமுத்திரத்தில் நீர் கால்வாசியளவே இருந்த வேளை, கமத்தொழில் ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை இடதுகரைக் குடியேற்றங்களில் தங்க வைத்தன. விவசாயிகள் சிறு குழுக்களாகக் கூடினார்கள். வாய்க்காலைத் தாங்களே துப்புரவாக்கினார்கள். முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள். மேல்வாய்க்கால் சிங்கள விவசாயி மிச்சம் பிடித்த நீர் கீழே தமிழ் பேசும் விவசாயியின் வயலுக்கும் போய்ச் சேர்ந்தது. 1988 இல் பங்கேற்பு முகாமைத்துவம் அரசின் கொள்கையானதற்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது. ஆனால் அந்த இளைஞர்களுக்கு நிரந்தர நியமனம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் வேறு தொழில் தேடிப் போய்விட்டார்கள். எமது நாட்டுக்கு இது புதிதல்ல.

இன்று ஆராயக் கிடக்கும் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கும்போது சம்மாந்துறைக்கும் நிந்தவூருக்கும் உரிய பங்கு எந்த அளவீட்டில் கணிக்கப்படுகிறது? கல்முனைக் கரையோர மணற்பாங்கில் வீட்டுக்கு வீடு மோட்டார் உறிஞ்சும்போது கிணறு உப்பாவதன் செலவை யார் சுமக்கிறார்? இவற்றுக்கு ஒரு மோட்டார் சைக்கிளும், போகம் தவறாமல் குறிப்பெடுக்கும் மூன்று நான்கு வருடப் பொறுமையும் வேண்டும். நெல்வயல்கள் சூழ்ந்த ஒலுவில் வளாகத்தில் இருப்பவர்களுக்குக் களம் காலடியில். பேராதனையில் விவசாய முதுகலைப் பட்டப்படிப்பு நிறுவகம் இருக்கிறது. 1984 இல் திகனையில் தொடங்கிய சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில் இருக்கிறது.

வருடாவருடம் புலமைப்பரிசில் வழங்கும் எமது பள்ளிவாசல் சம்மேளனங்களும் நலன்புரி அமைப்புகளும் அதில் ஒன்றையாவது இத்துறைக்கு ஒதுக்கலாம். அடுத்த கட்டண யோசனை வெளிவந்த பிறகு ஆளைத் தேடினால், ஆய்வை முடிக்க அவருக்கு நான்கு வருடங்கள் எடுக்கும்.